கடலைப் பார்த்துக் கவிழ்ந்த வள்ளம்

ஸபீனா மதினிக்கும் எனக்கும் பேச்சு இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என் புருசன் முபாரிஸின் கூடப்பிறந்த ராத்தா அவள். மூத்தவளை அவள் இவள் என்று எழுதுவது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் ஊராரிடம் என்னை என்ன சொல்லி ஏசுகிறாள் என்று கேட்டால், நான் எழுதுவதே பெரிய மரியாதை என்பீர்கள். ஆனாலும் கற்பிட்டி ரோட்டில் நிற்கிற வள்ளத்தின் கதையை அவளை விட்டுவிட்டு எழுத முடியாது. ஊரில் வேறு யாராவது எழுதினால் அவளை ஒரு வலியுல்லாவாகவே, பாவமே அறியாத புனிதவதியாகவே ஆக்கிவிடுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

பள்ளிவாசல்துறைக்குப் போகும் வழியில், ரோட்டுக்குக் கடல் பக்கமாக, ஒரு பெரிய மரவள்ளம் கவிழ்ந்தபடி இருக்கிறது. தரையில் அல்ல; கொங்கிறீட் தூண்களுக்கு மேலே, ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்தில். அதுதான் எங்கள் பஸ் ஹோல்ட். கொண்டக்டர்மார் "வள்ளத்தடி, வள்ளத்தடி" என்று கத்துவார்கள். சிங்கள டிரைவர்மாருக்கு அது ஒருவ ஹோல்ட்; அவர்கள் பாஷையில் ஒருவ என்றால் வள்ளம். கல்யாணக் கார்டில் "வள்ளத்தடிக்கு அருகாமையில்" என்று அடித்தால் போதும், வேறு விலாசம் தேவையில்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் அதன் கீழே நின்றுதான் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். திரும்பி வரும்போது முதலில் கண்ணில் படுவதும் அதன் கறுத்த முதுகுதான்.

அதற்கு ஒரு குறை இருந்தது. வள்ளம் ரோட்டின் போக்கில் கிடக்கவில்லை. குறுக்காக, முன்மூக்கு கடலைப் பார்க்க, பின்பக்கம் ரோட்டை நோக்கித் துருத்திக்கொண்டு கிடந்தது. பஸ்ஸின் கண்ணாடி பல தடவை அதில் உரசியிருக்கிறது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரை மணல் நேராக உள்ளே வந்து நிற்பவர்களின் முகத்தில் விழும். "எந்த மடையன் இத இப்பிடி வெச்சான்?" என்று ஏசாமல் அங்கே பஸ்ஸுக்கு நின்றவர் கிடையாது. எல்லாரையும்விட அதிகமாக ஏசியது மதினிதான்.

போன வருஷம் ரோட்டை அகலமாக்க அளந்தபோது, அந்தத் துருத்தின பின்பக்கம் வினையாகிப் போனது. இப்படியே இருந்தால் உடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வள்ளம் நிற்குமா, விறகாகுமா என்று ஊர் பதறியது. மதினி பதறவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவளுக்கு எதற்கும் அதுதான் வரும்.

அந்த வள்ளம் அங்கே வந்த கதை ஊருக்கெல்லாம் பாடம். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கடல் வழியாக இந்தக் கரைக்கு வந்தவர்களில் என் மாமியாரும் இருந்தார். கூடவே பதின்மூன்று வயது ஸபீனா. மடியில் பால் குடிக்கிற பிள்ளையாக முபாரிஸ். அவர்கள் ஏறி வந்தது லாபிர் சம்மாட்டியின் வள்ளத்தில். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து, ஆள் போட்டுத் தொழில் செய்கிறவர். லாபிர் சம்மாட்டி பள்ளிவாசல்துறையில் பெரிய கை. மன்னார்ப் பக்கம் போய் ஒரு நடை ஆட்களை ஏற்றி வந்தார். ஒரே ஒரு நடைதான். சில நாட்களில் அந்த வள்ளத்தை ரோட்டடிக்கு இழுத்து வந்து கவிழ்த்துவிட்டார். பிறகு அது கடலுக்குப் போகவேயில்லை.

ஓலைக் கொட்டில்களில் நனைந்துகொண்டிருந்த முகாம் பெண்கள், நிவாரண லொறிக்குக் காத்து நிற்க ஒரு நிழல் வேண்டுமென்று அதற்குக் கீழே தென்னங்குற்றி கொடுத்து உயர்த்தினார்கள். காலம் போகப் போக லொறி வருவது நின்று, பஸ் வந்து நிற்கத் தொடங்கியது. தென்னங்குற்றி இருந்த இடத்தில் தூண் எழும்பியது. "சம்மாட்டி அகதிகளுக்குத் தந்த கூரை" என்று ஊர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. இந்த ஊர்க்காரர்களும் வந்தவர்களும் தண்ணீர்க் குழாய்க்கும் பள்ளிக்கூடத்தில் இடத்துக்கும் அடிபட்ட காலத்தில்கூட, அந்த வள்ளத்தில் மட்டும் ஒருவரும் கை வைக்கவில்லை.

என் மாமனார் அபூசாலி மன்னார் பஸாரில் தையல்காரர். அவர் அந்த வள்ளத்தில் வரவில்லை. "கடலில் தவறிப்போனார்" என்றுதான் கல்யாணம் பேசும்போது எங்கள் வீட்டுக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் முபாரிஸுக்கே தெரியாது. மதினியிடம் போய்க் கேட்க எனக்கென்ன பைத்தியமா? நான் எலுவன்குளத்து வயல்காரன் மகள். வள்ளத்தைப் பற்றியும் தெரியாது, வள்ளத்தில் வந்தவர்களின் வயிற்றெரிச்சலைப் பற்றியும் தெரியாது.

மதினி ஒரு கல்யாணம் கட்டினாள். அந்த மனிதர் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிட்டுப் புத்தளம் டவுனோடு போய்விட்டார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பிறகு அவள் வள்ளத்தடியிலேயே ஒரு பெட்டிக்கடை போட்டாள். வெற்றிலை, பிஸ்கட், பேக்கரியிலிருந்து வருகிற பாண். அவளிடம் பாண் வாங்கியவர்கள் பாணோடு ஏச்சையும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டது அவள்தான், அதை மறைக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் மாரி மழைக்கு முந்தி அதற்குச் சுறா எண்ணெய் பூசுவாள். சுறாவின் ஈரலை உருக்கி எடுக்கிற எண்ணெய் அது. பலகைக்குள் இறங்கி, உக்காமல் வைத்திருக்கும். அது ஊறிய பிறகு மேலே தார். அந்த நாற்றத்துக்கு ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர்களும் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் வீட்டுச் சோற்றிலும் அது மணக்கும்.

வள்ளத்தில் பேர் செதுக்கிய இளந்தாரி ஒருவனைக் கற்பிட்டிச் சந்தி வரைக்கும் விளக்குமாற்றோடு துரத்தினாள். வெற்றிலை துப்பிய ஒருவரின் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றினாள். அவர் பாவம், பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர். தேர்தல் போஸ்டர் ஒட்ட வந்தவர்களின் பசையை ரோட்டில் கொட்டினாள், கட்சி பேதமில்லாமல். பார்த்தவர்கள் "என்ன பாசம்!" என்றார்கள். ஒரு முறை தொலைக்காட்சிக்காரன் ஒருவன் மைக்கை நீட்டி, "இந்த வள்ளத்தில இவ்வளவு அன்பு வெச்சிருக்கீங்களே ராத்தா?" என்று கேட்டான்.

"அன்பா? போடா அங்கால," என்றாள் மதினி. அதை அவர்கள் ஒளிபரப்பவில்லை.

வள்ளத்தடிக்குப் பின்னால் கடல் வரைக்கும் கிடக்கிற தென்னங்காணி மர்ஸூக்குடையது. லாபிர் சம்மாட்டியின் ஒரே மகன். சம்மாட்டி மவ்த்தாகி, மண்ணுக்குள் போய்ப் பல வருஷம். மர்ஸூக்கின் வீடு காணிக்குள்ளே, கேற்று ரோட்டைப் பார்க்க. அவர் காலையில் கேற்றைத் திறந்தால் முதலில் தெரிவது வள்ளம், அடுத்தது பெட்டிக்கடைக்குள்ளே இருக்கிற மதினியின் முகம். இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மற்றப் பக்கமாக ஒரு கேற்று வைத்துக்கொள்ளலாமே என்று அவருடைய மனைவி கேட்டுப் பார்த்ததாகக் கேள்வி. அவர் வைக்கவில்லை.

மர்ஸூக்கிடம் ஐஸ் போட்ட மீனைக் கொழும்புக்கு ஏற்றுகிற லொறிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை ஓட்டுவது முபாரிஸ். எங்கள் சண்டை அதிலேதான் தொடங்கியது. முபாரிஸ் அந்த வேலைக்குப் போன அன்று மதினி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தம்பியிடம் சொன்னாள்:

"அவன்ட சோத்தத் திண்டா, அது உன்ட வாப்பாட எறச்சிடா."

தகப்பனின் இறைச்சியாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அப்ப உங்கட பெட்டிக்கடையால உங்கட தம்பிக்குச் சோறு போடுங்களன்!" என்று நானும் கத்தினேன். அன்றோடு பேச்சு முடிந்தது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, முபாரிஸுக்கும் தைரியம் வரவில்லை.

அளக்க வந்த இஞ்சினியர் ஒரு சிங்களப் பெடியன், நல்லவன். உடைப்பதில் அவனுக்கே மனமில்லை. வள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு கையைக் குறுக்கே வைத்து, மதினிக்கு மெதுவாகத் திருப்பிக் காட்டினான்.

"உடைக்க வேணாம் அக்கா. இப்பிடித் திருப்பினா போதும். ரோட்டு நீளத்துக்குக் கிடக்கும்."

ஊரே மூச்சு விட்டது. ரோட்டின் போக்கில் திருப்பி வைத்தால் மணலும் அடிக்காது, கண்ணாடியும் உரசாது. மதினிகூட, "இத அண்டைக்கே செஞ்சிரிக்கோணும்," என்றாள். ஒருவர் சொன்னதை அவள் ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் மர்ஸூக் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார்.

"திருப்ப ஏலாது," என்றார்.

"ஏன் ஏலாது?" என்று மதினி பாய்ந்தாள்.

அவர் அவளைப் பார்க்காமல் இஞ்சினியரிடமே சொன்னார். "அப்பிடியே பின்னுக்கு எடுங்க மாத்தயா. என்ட காணிக்குள்ள எடுங்க. வேலியப் புடுங்கித் தாரன். மூக்கு மட்டும் கடலப் பாத்தபடியே இரிக்கோணும். வாப்பாட பேருல ஒரு போர்டும் போடோணும்."

ரோட்டோரக் காணியைச் சும்மா தருகிறேன் என்கிறார். ஊர் வாயைப் பிளந்தது. மதினி பாண் வெட்டுகிற கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டில் இறங்கினாள்.

"ஓ, அதுக்குத்தானா? அவன்ட வாப்பாக்குப் போர்டு? நான் செத்து என்ட மையித்துக்கு மேலால போடட்டும்!"

இஞ்சினியர் பெடியன் மெதுவாக ஜீப்பில் ஏறினான். ஊர் ஒரு முடிவுக்கு வந்தால் சொல்லுங்கள், வராவிட்டால் வருகிற மாதம் பெக்கோ மெஷின் வந்து இடித்துவிடும் என்றான். அவனுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வள்ளத்தடியிலேயே கூடினார்கள். இந்த ஊர்ப் பள்ளிவாசல், வந்தவர்களின் பள்ளிவாசல் என்று இரண்டு பள்ளிக்காரரும் வந்தார்கள். பெண்கள் நாங்கள் பெட்டிக்கடைப் பக்கம் நின்றோம். மதினிக்கும் எனக்கும் நடுவில் நாலு பேர் நிற்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். பள்ளித் தலைவர் பாறூக் ஹாஜியார்தான் பேசத் தொடங்கினார். அவர் எதையும் தேன் தடவித்தான் சொல்வார்.

"ஸபீனா, இவ்வளவு காலமும் இத ஒரு புள்ள போலப் பாத்தீங்க. அல்லாஹ் அதுக்குக் கூலி தருவான். காணி தாரவர் ஒரு போர்டு கேக்குறார். அதால என்ன கொறஞ்சி போகப்போகுது? உங்கள ஏத்தி வந்த மனிசன்ட பேருதானே?"

"ஏத்தி வந்தவன்தான்," என்றாள் மதினி. "ஏத்தாம வந்தத நான் செல்லவா ஹாஜியார்?"

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எல்லாரையும் வாய் மூட வைத்தது. மன்னார்க் கரையில் இடுப்பளவு தண்ணீரில் சனம் நின்றதைச் சொன்னாள். உம்மாவையும் மடிப்பிள்ளையையும் அவளையும் வாப்பா ஒவ்வொருவராகத் தூக்கி வள்ளத்துக்குள் போட்டதைச் சொன்னாள். கடைசியில் அவர் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்தபோது, லாபிர் சம்மாட்டி அவருடைய நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாராம்.

"இடமில்ல, அடுத்த நடைக்கு வாரன் எண்டான். இடம் இருந்திச்சி. பின்னுக்கு ஒரு பொடியன் தகரத்தால தண்ணி எறைச்சிக்கிட்டு இருந்தான். பழைய வள்ளம், ஒழுகும். நான் கத்தினேன். அவன எறக்குங்க, என்ட வாப்பா எறைப்பாரு, அடுத்த நடையில அவன ஏத்துங்க எண்டு கத்தினேன். சம்மாட்டிக்குக் கேட்டிச்சி. அவன் திரும்பிப் பாக்கல்ல. வாப்பா தண்ணிக்குள்ள நிண்டு கைய ஆட்டினாரு."

அடுத்த நடை வரவேயில்லை. காத்துப் பார்த்துவிட்டு அபூசாலி வேறொரு சின்ன வள்ளத்தில் ஏறினார். அந்த வள்ளம் எந்தக் கரைக்கும் வந்து சேரவில்லை.

"அந்தப் பொடியன் இவன்தான்," என்று அவள் மர்ஸூக்கைக் காட்டினாள். "அதுக்குத்தான் இந்த வள்ளத்த உக்காம வெச்சிரிக்கன். இவன் ஒவ்வொரு நாளும் காலையில கேற்றத் தொறந்தா இதப் பாக்கோணும். இது உக்கிப் போனா இவனுக்கு நிம்மதி. உடுவனா நான்?"

எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். எனக்குப் பயம் வந்தது. எங்கள் வீட்டுச் சோற்றில் மணத்த அந்த எண்ணெயை நாங்கள் எல்லாரும் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆண்கள் பக்கம் முபாரிஸைத் தேடினேன். அவர் கையில் லொறிச் சாவியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

மர்ஸூக் ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"ஓம், நான்தான்," என்றார். "ராத்தா செல்றது முழுக்கச் சரி. அவங்க கத்தினதும் எனக்குக் கேட்டிச்சி. வாப்பா என்ன எறக்கல்ல. பத்து வயசுப் புள்ளய அந்தக் கரையில எப்பிடி எறக்கி உடுறது? எனக்கும் மகன் இரிக்கான். நானும் எறக்கமாட்டன். அடுத்த நடைக்கு வாப்பா வெளிக்கிட்டாரு. என்ட உம்மா வள்ளத்துக் கயித்தப் புடிச்சிக்கிட்டு உடல்ல. அதுல நிண்டதுதான்."

அவர் கையைத் தூக்கித் தலைக்கு மேலே இருந்த பலகையைத் தொட்டார்.

"ஆனா இது உங்களுக்குத் தந்த கூரை இல்ல ராத்தா. கூரை நீங்க ஆக்கிக்கொண்டது. எங்கட சம்மாட்டிக் குடும்பங்கள்ள ஒரு வழக்கம் இரிக்கி. பழுது பாக்க வள்ளத்தக் கவிழ்த்தா, மூக்கு கரையப் பாக்கும். வள்ளத்தால ஒரு ஆள் கடல்ல போனா, மூக்கக் கடலுக்குத் திருப்பித்தான் கவிழ்ப்பாங்க. ஆள் திரும்பி வந்தா நிமிர்த்துவாங்க. இல்லாட்டி மையித்துக் கெடைச்சி அடக்கினாப் பொறகு நிமிர்த்துவாங்க. அதுவரைக்கும் அது கடலுக்குப் போகாது. அந்தச் சின்ன வள்ளம் வரல்ல எண்டு தெரிஞ்ச அண்டைக்குத்தான் வாப்பா இத இழுத்து வந்தாரு. அவர் மவ்த்தாகுறதுக்கு முந்தி என்னட்டக் கேட்டதும், மூக்கு கடலத்தானே பாக்குது எண்டுதான்."

கூட்டத்தில் நின்ற பழைய கடற்காரர்கள் சிலர் தலையை ஆட்டினார்கள். பைபர் வள்ளங்கள் வந்த பிறகு அந்த வழக்கமே இல்லாமல் போய்விட்டது, எங்களுக்கும் மறந்தே போனது என்றார்கள். நான் நிமிர்ந்து வள்ளத்தின் மூக்கைப் பார்த்தேன். என் முகத்தில் மணல் விழுந்த நேரமெல்லாம் இதை வைத்தவனை மடையன் என்று ஏசியது ஞாபகம் வந்தது. மதினியும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளாவது அழுவதாவது.

"இத என்ட உம்மாக்குச் செல்லியிரிக்கோணும்," என்றாள். "உன்ட வாப்பா எவ்வளவு காலம் எங்கட கொட்டிலுக்கு முன்னால போனாரு, வந்தாரு! உம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸருக்குப் பொறகு கடக்கரையில போய் நிண்டா. அவ மவ்த்தாகுறமட்டும் நிண்டா. கவிழ்ந்த வள்ளத்தப் பாத்தா எங்களுக்கு வெளங்குமா? நாங்க தையக்காரன் ஊட்டாக்கள். வாயால வந்து செல்லியிரிக்கோணும்."

மர்ஸூக் பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"சரி, சரி, அல்லாஹ் எல்லாரையும் மன்னிக்கட்டும்," என்று பாறூக் ஹாஜியார் எழும்பினார். "இனி நாம…"

"நான் இன்னும் முடிக்கல்ல ஹாஜியார்." மதினி மர்ஸூக்குக்கு முன்னால் போய் நின்றாள். "திருப்ப வேணாம். உன்ட காணிக்குள்ளயே எடு. போர்டும் போடு. உன்ட வாப்பாட பேரப் போடு. அதுக்குக் கீழ, எடம் கெடைக்காதவர் எண்டு என்ட வாப்பாட பேரப் போடு. அதுக்குக் கீழ, அந்த எடத்துல வந்தவர் எண்டு உன்ட பேரப் போடு. ரோட்டால போற ஒவ்வொருத்தனும் வாசிக்கோணும். ஏலாது எண்டா பெக்கோ வரட்டும். முதல் பலகைய நானே புடுங்குறன்."

கூட்டம் கொதித்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிதனை இப்படியா சந்தியில் நிறுத்துவது, அவருடைய பிள்ளைகள் அந்த வழியாலே பள்ளிக்கூடம் போக வேண்டாமா, பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. மர்ஸூக் உள்ளே போய்க் கேற்றைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கிழமை முழுக்க ஒருவரும் மதினியின் கடையில் பாண் வாங்கவில்லை. யாரோ கடைத் தகரத்துக்குக் கல்லெறிந்தார்கள். அவள் கல்லைப் பொறுக்கி, கடைப்படியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு இருந்தாள். எங்கள் வீட்டில் முபாரிஸ் லொறிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகவும் இல்லை. அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பார்த்தால் அடுப்பு எரியுமா என்று கேட்டு நானும் அவரோடு சண்டை பிடித்தேன்.

பிறகு ஒரு நாள் காலை அலவாங்கால் நிலத்தைக் கிண்டுகிற சத்தம் கேட்டது. மர்ஸூக் தனியாக நின்று தன்னுடைய வேலிக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் பிடுங்கி முடிக்கும் வரைக்கும் மதினி கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

வள்ளத்தைத் தூக்க இரண்டு பள்ளி ஆட்களும் வந்தார்கள். கற்பிட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கடற்காரர்களும் தோள் கொடுக்க வந்தார்கள். தூணிலிருந்து இறக்கியவுடன், நிமிர்த்தினால் தூக்க லேசு என்று இளந்தாரிகள் புரட்டப் பார்த்தார்கள். "கவிழ்த்தபடியே எடுங்கடா!" என்று மர்ஸூக் கத்திய கத்தலில் எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். பிறகு தலையை உள்ளே கொடுத்து, தோளில் விளிம்பைத் தாங்கிக்கொண்டு தூக்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வள்ளத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. மதினி நடுரோட்டில் நின்று கையைக் காட்டிப் பஸ்களை மறித்தாள். ஹோர்ன் அடித்த ஒரு டிரைவரின் பரம்பரையையே இழுத்தாள்.

பின்பக்கத்தில் ஆள் காணாமல் வள்ளம் சரிந்தது. மர்ஸூக் குனிந்து அதற்குள் நுழைந்தார். அவருக்கு இடுப்பு வருத்தம் இருப்பது ஊருக்கே தெரியும். மதினி ரோட்டில் நின்றபடியே கத்தினாள்.

"அந்த எடம்தானே உனக்கு. நல்லாப் புடி!"

முபாரிஸ் முன்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டுப் பின்னால் போய் மர்ஸூக்குக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். அக்காக்காரியை அவர் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, வேலைக்குப் போக லொறிச் சாவியை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துக்கொண்டார். நான் போய் அடுப்பை மூட்டினேன்.

புதுத் தூண்களில் வள்ளம் ஏறிய பிறகு, கற்பிட்டியில் போர்டு எழுதுகிற ஜூட் வந்தான். தகரத்துக்குக் கறுப்புப் பூசி, வெள்ளையில் எழுதினான். என்ன எழுதுவது என்று மர்ஸூக்தான் பக்கத்தில் நின்று சொன்னார். எழுதுவாரா மாட்டாரா என்று பார்க்க ஊர் முழுக்க ஏதோ ஒரு சாட்டில் அந்தப் பக்கம் வந்து போனது. நானும் மிளகாய்த்தூள் வாங்கப் போனேன். வீட்டில் மிளகாய்த்தூள் இருந்தது.

மூன்று வரி. மர்ஹூம் லாபிர் சம்மாட்டியின் வள்ளம். இடம் கிடைக்காதவர், மர்ஹூம் அபூசாலி, தையல்காரர், மன்னார். அந்த இடத்தில் வந்தவர், மர்ஸூக்.

மூன்றாவது வரியை ஜூட் எழுதும்போது மர்ஸூக் தலையைத் திருப்பவில்லை. எழுதி முடிந்ததும் மதினி கடையிலிருந்து இறங்கி வந்தாள். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"இது ஆரு போடச் சொன்ன?"

அவள் விரல் மர்ஹூம் என்ற சொல்லின் மேல் இருந்தது. ஜூட் பயந்துபோனான்.

"அக்கா, உங்கட ஆக்கள்ள மவ்த்தானவங்களுக்கு முன்னால அப்பிடித்தானே போடுற? சம்மாட்டிக்கும் போட்டிருக்கேனே…"

"நீ மையித்தப் பாத்தியா? கபுறுக் குழியில வெச்சியா?" அவள் கையை நீட்டி வள்ளத்தின் மூக்கைக் காட்டினாள். "அது எங்க பாக்குது எண்டு பாரு."

ஜூட் மர்ஸூக்கைப் பார்த்தான். மர்ஸூக் போர்டுக்குக் கிட்ட வந்தார். வள்ளத்துக்குப் பூச வைத்திருந்த தார் வாளிக்குள் பிறஸ்ஸைத் தோய்த்து எடுத்தார். அபூசாலியின் பெயருக்கு முன்னால் இருந்த அந்தச் சொல்லின் மேல் தன் கையாலேயே பூசினார். தார் கொஞ்சம் கீழே வழிந்து, மூன்றாவது வரியில் அவருடைய பெயரிலும் பட்டது. அதை அவர் துடைக்கவில்லை.

இப்போதும் நீங்கள் பஸ்ஸில் வந்தால் பார்க்கலாம். சம்மாட்டியின் பெயருக்கு முன்னால் மர்ஹூம் இருக்கிறது. என் மாமனாரின் பெயருக்கு முன்னால் ஒரு தார்த் திட்டு மட்டும் இருக்கிறது.

அன்று மதினி அந்தத் திட்டை ஒரு தடவை பார்த்தாள். "இப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள். அவள் மர்ஸூக்கிடம் ஏசாமல் பேசிய முதல் பேச்சு அது. கடைசிப் பேச்சாகவும் இருக்கலாம்.